டர்பனில் ஓர் அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி ரசிகர் கன்வென்ஷன் நடத்துவது எப்படி? தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டர்பன் தமிழர்களிடம் போய், சம்பளம் வாங்காத 30 பேரை வைத்து ஒரு நாள் முழுக்கப் பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். தைப்பூசக் காவடிக்கு நம் கோயில்களில் வருஷா வருஷம் நடப்பது அதுதானே. விடியற்காலையிலேயே அடுப்பில் அண்டா ஏறிவிடும், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு அங்கிள் விசிலோடு நிற்பார், சாப்பாட்டு வரிசை தன்பாட்டுக்கு நகரும். ஆனால் அதே ஆட்களிடம் "நம்ம ஊரில் ஒரு அறிவியல் புனைகதை கன்வென்ஷன் வைக்கலாமா" என்றால், அதெல்லாம் ஜொஹானஸ்பர்க்கில் பெரிய கம்பெனிக்காரர்கள் செய்வது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் ஆள் பலம், அனுபவம் எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கோயில் வேலையில் தேவைப்படாத சில விஷயங்களைத்தான் புதிதாகப் பழக வேண்டும்: கணக்கைத் திறந்து வைப்பது, விதியை எழுதி வைப்பது, ஒருவரையும் தெரியாமல் தனியாக உள்ளே வரும் ஆளை வரவேற்பது. இந்த வழிகாட்டியில் பாதி இதைப் பற்றித்தான்.

1. என்ன நடத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2018ல் மிட்ராண்டின் கயலாமியில் தொடங்கிய காமிக் கான் ஆஃப்ரிக்கா ஒரு வர்த்தகக் கண்காட்சி. டிக்கெட் வாங்குகிறோம், கடை பார்க்கிறோம், நடிகரோடு படம் எடுத்துக்கொள்கிறோம், வீட்டுக்கு வருகிறோம். அதில் தப்பே இல்லை, நானும் போவேன். ரசிகர் கன்வென்ஷன் வேறு வகை, ரசிகர்களே கூடி நடத்தும் மாநாடு. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர், நடத்தியவர்களும் ரசிகர்கள். அந்த வேர்ல்ட்கான் இன்றைக்கும் தன்னார்வலர்களால்தான் நடக்கிறது, வருபவரை வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை, உறுப்பினர் என்பார்கள். இதுவரை அது ஆப்பிரிக்க மண்ணுக்கு வந்ததில்லை. ஆனால் தென் ஆப்பிரிக்காவில் ரசிகர் சங்கம் புதுசு இல்லை, 1969லேயே இங்கே ஒன்று தொடங்கிவிட்டது.

முதல் வருஷம் ஒரே நாள், ஒரு பெரிய ஹால், இரண்டு சின்ன அறை, 250 முதல் 300 பேர். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இரண்டு நாள் என்றால் ராத்திரிக் காவல் வேண்டும், கடைக்காரர்களின் சரக்குக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும், தன்னார்வலர்கள் இரண்டு மடங்கு வேண்டும். "ஒரு நாள் போதவில்லை" என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டு போனால் அடுத்த வருஷத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

2. குழுவும் காகிதமும் (10 முதல் 12 மாதம் முன்பு)

ஆறு பேர் போதும்: தலைமை, பொருளாளர், நிகழ்ச்சி நிரல், இடமும் பாதுகாப்பும், கடைகள், தன்னார்வலர் பொறுப்பு. விளம்பரத்தை யாராவது கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலைக்கும் முடிவெடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 19 பேர் கட்டைவிரல் காட்டியதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுதிப் போடுங்கள்.

பொருளாளர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கச் சொல்வேன். நம் ஊரில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது மச்சான், சித்தப்பா மகன். இருந்தாலும் தலைமையும் பொருளாளரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாததால் சொல்லவில்லை, நாளைக்கு யாராவது வாய் கூசாமல் ஏதாவது பேசினால் அந்த இரண்டு பேரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன்.

சட்டப்படி எளிய வழி தன்னார்வச் சங்கம். மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து, நோக்கம், பொறுப்பாளர் தேர்வு, பணம் எடுக்கும் முறை, சங்கம் கலைந்தால் மிச்சம் எங்கே போகும் என்பதையெல்லாம் எழுதி ஒரு அமைப்பு விதி தயார் செய்து, கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை வைத்துச் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு கேட்கலாம். இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் பணம் நகரக் கூடாது. 1997ன் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவது உங்கள் விருப்பம், ஆனால் ஸ்பான்சர் கேட்கப் போகும்போது அந்த எண் உதவும். பதிவு செய்துவிட்டதாலேயே வரி விலக்கு வந்துவிடாது, அதற்கு வருமான வரித் துறையான சார்ஸில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர் கணக்கில் டிக்கெட் பணம் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது யாராக இருந்தாலும் சரி.

3. தேதி

இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்காருங்கள், வீண்போகாது. பள்ளி நாட்காட்டி, கோயில் பஞ்சாங்கம், நகர நிகழ்ச்சிகள் மூன்றையும் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசம். அது தவிர அந்தப் புழுக்கத்தில் கதாபாத்திர வேஷத்துக்காக ஃபோம் கவசம் போட்டுக்கொண்டு ஏசி இல்லாத ஹாலில் நிற்பவருக்குத் தலைசுற்றல் நிச்சயம், காரில் விட்டுவிட்டு வந்த கவசத்தின் பசையும் இளகிப் பிரிந்திருக்கும். ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் கேப் டவுனில் காமிக் கான், கடைக்காரர்கள் அங்கே போய்விடுவார்கள். ஜூன் முன்பாதியில் காம்ரேட்ஸ் மாரத்தான் வந்தால் பாதிச் சாலை மூடல். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், அன்றைக்கு தங்கும் அறை வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் கூழுக்குப் போய்விடும், உங்கள் தன்னார்வலர்களின் அம்மாக்கள் அவர்களை விடவும் மாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஜொஹானஸ்பர்க் காமிக் கான், செப்டம்பர் நடுவிலிருந்து புரட்டாசி. அக்டோபர், நவம்பரில் மெட்ரிக் தேர்வும் தீபாவளியும்.

மிச்சம் இருப்பது ஜூன் கடைசியும், டர்பன் ஜூலைக்கும் ஆடிக்கும் நடுவில் வருகிற அந்த ஒரு வாரக் கடைசியும். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அப்போதுதான். மழை குறைவு, வெயிலும் சுடாது, கவச உடைக்காரர்களுக்கு வருஷத்திலேயே நல்ல காலம். எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் ஹாலை முந்திக்கொண்டு பிடிக்க வேண்டும்.

4. இடம் (9 மாதம் முன்பு)

வழிகள் நான்கு: நகராட்சி சமூகக் கூடம், பள்ளி ஹால், பல்கலைக்கழக அரங்கு, கோயிலோடு சேர்ந்த கல்யாண மண்டபம். கோயில் மண்டபம் விலை குறைவு, சமையலறையும் உண்டு. ஆனால் அசைவம் கூடாது, மேடையில் பேய், பிசாசு வேஷம் ஏறுவதை நிர்வாகம் விரும்பாமல் போகலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நாலைந்து காஸ்ப்ளே படங்களை, அதாவது கதாபாத்திரம் போல வேஷம் போட்டவர்களின் படங்களை, செயலாளரிடம் காட்டி, "அண்ணா, இந்த மாதிரி உடையோடு பிள்ளைகள் வருவார்கள், பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவர் இடம், மனக்கசப்பு இல்லாமல் அடுத்த ஹாலைப் பார்க்கலாம்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது அழகைப் பார்க்காதீர்கள். நேராக மின்பலகைக்குப் போங்கள், அதுதான் டிபி போர்டு. எத்தனை ப்ளக் சர்க்யூட், ஒவ்வொன்றும் எத்தனை ஆம்ப் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 20 ஆம்ப் சர்க்யூட் என்றால் 4600 வாட். டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் அர்ன் ஒன்று 2500 வாட் இழுத்தால், ஒரே சர்க்யூட்டில் இரண்டு அர்ன் போட்டால் வரம்பு தாண்டிவிடும், ட்ரிப் ஆகலாம். கேமிங் கணினியும் திரையும் சேர்ந்து 500 வாட் என்று வைத்தால் எட்டு கணினிக்கே 4000. ஆகவே அர்ன் ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம், மேடை ஒலி தனிப் பக்கம் என்று வரைபடம் போடுங்கள். நீட்டிப்பு ஒயரில் இன்னொரு நீட்டிப்பு ஒயரைச் செருகுவதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள்.

லோட் ஷெட்டிங் 2023ல் படுத்திய பாடு இப்போது இல்லைதான், ஆனாலும் ஏரியா பழுது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் இருக்கிறதா, இருந்தால் டீசல் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அடுத்தது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட், வெருளம், ஃபீனிக்ஸ் பக்கம் தண்ணீருக்கு என்ன பாடுபட்டோம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஹாலில் ஜோஜோ தொட்டி இருக்கிறதா, அது கழிப்பறையோடு இணைந்திருக்கிறதா, பம்ப் மின்சாரம் இல்லாமல் ஓடுமா? 300 பேர், எட்டு மணி நேரம், தண்ணீர் இல்லாத கழிப்பறை. அந்த நிலைமை வந்தால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சி நிரலும் நிற்காது.

சக்கர நாற்காலி வழி, அவசர வெளியேறும் கதவு உண்மையிலேயே திறக்கிறதா, அதிகபட்சம் எத்தனை பேருக்கு அனுமதி, இருட்டிய பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் வெளிச்சம் உண்டா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

5. பணம்

நான் ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், எண்கள் புரிவதற்காகத்தான், விலையை நீங்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஹால் 7000 ராண்ட், பொதுப் பொறுப்புக் காப்பீடு 3000, காவலும் முதலுதவியும் 5000, ஒலியும் ப்ரொஜெக்டரும் 4000, அச்சு 2000, விருந்தினர் பயணம் 3000. மொத்தம் 24,000. இது ஒருவர்கூட வராவிட்டாலும் போகிற காசு. அப்புறம் ஆளுக்கு 20 ராண்ட், பேட்ஜ், கழுத்துப் பட்டை, தண்ணீர் என்று. டிக்கெட் 100 ராண்ட் என்றால் ஆளுக்கு 80 கையில் நிற்கும், 300 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. கடை மேசை 20, ஒவ்வொன்றும் 300 ராண்ட் என்றால் 6000 வருகிறது, இப்போது 225 பேர் போதும்.

இந்த 225 என்கிற எண்ணைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். யாராவது "இன்னொரு விருந்தினரைக் கூப்பிடலாமே, 4000தானே ஆகும்" என்றால், அது இன்னும் 50 டிக்கெட் என்று உடனே கண்ணுக்குத் தெரியும். எதிர்பார்க்கிற கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே செலவு அடைகிற மாதிரி திட்டம் போடுங்கள். 225 அந்த மூன்றில் இரண்டு பங்காக இருக்க 340 பேர் வருவார்கள் என்று நீங்கள் நம்ப வேண்டியிருந்தால், ஒன்று செலவைக் குறையுங்கள் அல்லது ஸ்பான்சர் தேடுங்கள்.

இன்னொரு கண்ணி: ஆன்லைன் டிக்கெட் தளங்கள் பல, வசூலான பணத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் கொடுக்கும். ஹால்காரரோ முன்கூட்டியே கேட்பார். நடுவில் இருக்கும் மாதங்களுக்குக் கைப்பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் உண்மையான கேள்வி. கடை மேசைக் கட்டணத்தை நேரடியாகச் சங்கக் கணக்கில் முன்பே வாங்கிவிடுவது ஒரு வழி. 2014ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த டாஷ்கான் கதை தெரியாத கன்வென்ஷன்காரர் உலகத்தில் இல்லை. முதல் நாள் ராத்திரியே ஹோட்டல் பணம் கேட்கிறது என்று சொல்லி, வந்திருந்த ரசிகர்களிடமே 17,000 டாலர் வசூல் செய்தார்கள். பெரிய விருந்தினர்கள் பணம் வராததால் மேடை ஏறவில்லை, அதற்கு ஈடாக, பிளாஸ்டிக் பந்து நிரப்பிய பந்துக் குளத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று அறிவித்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பந்துக் குளம் கேலிப் பொருள்.

ராஃபிள் சீட்டு போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், தேசிய லாட்டரி ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட்டு இறங்குங்கள், அது நாம் நினைப்பது போல இஷ்டத்துக்கு நடத்துகிற விஷயம் இல்லை. நிகழ்ச்சி ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

6. அனுமதி வேலைகள் (6 மாதம் முன்பு)

சலிப்பான பகுதி, ஆனால் குழுவில் யாராவது ஒரு ஆளுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கும், அவரிடம் கொடுத்துவிடுங்கள். 2010ன் விளையாட்டு, கேளிக்கை நிகழ்ச்சிகள் பாதுகாப்புச் சட்டம் பெரிய கூட்டத்துக்கானது என்றாலும், உங்கள் ஹாலுக்கும் எண்ணிக்கைக்கும் என்ன தேவை என்று நகராட்சியிடமே கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். காவலாளிகள், தனியார் காவல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பிசைராவில் பதிவானவர்களாக இருக்க வேண்டும். உணவுக் கடைக்காரரிடம் உணவு விற்கத் தேவையான ஏற்புச் சான்றிதழைக் கேளுங்கள். பாட்டு போடுவதாக இருந்தால் இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம். படம் திரையிடுவதாக இருந்தால், சொந்தமாக டிஸ்க் வாங்கியிருப்பது போதாது, பொதுத் திரையிடல் உரிமை வேறு. பதிவுப் படிவத்தில் சேகரிக்கும் பெயர், எண் எல்லாம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், அதாவது போப்பியா. தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள். சிறுவர்களுக்கான அறையை நடத்தப் போகிறவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் இல்லை என்று சரிபார்க்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், முன்பே தொடங்குங்கள்.

7. நிகழ்ச்சி நிரல்

ஒரு அமர்வு 50 நிமிஷம், நடுவில் 10 நிமிஷ இடைவெளி. ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம். குழு விவாதம் என்றால் பேச்சாளர் மூவர், நடத்துபவர் ஒருவர். நடத்துபவருக்கு ஒரு கடமைதான், "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று எழுந்து நிற்கும் ஆளை இரண்டு நிமிஷத்தில் மரியாதையாக உட்கார வைப்பது. இது தெரிந்த ஒருவர் இருந்தால் அவரைத் தங்கத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினருக்குக் கடிதம் ஆறு மாதம் முன்பே போக வேண்டும். பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு, எத்தனை அமர்வு, கையெழுத்துப் போடும் நேரம் எவ்வளவு என்று எழுத்தில். ஜொஹானஸ்பர்க்கிலிருந்து வருபவருக்கு என்3 சாலையில் 570 கிலோமீட்டர், காலை முதல் அமர்வில் அவரைப் போடாதீர்கள்.

தமிழ் அமர்வு வைக்க வேண்டுமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வாக்குவாதம் வரும். தென் ஆப்பிரிக்க அரசியலமைப்பே மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைக் குறிப்பிடுகிறது, ஆனால் இங்கே 20 வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், கனவும் காண்கிறார்கள். அதனால் "தமிழ் மேம்பாடு" என்று பேர் வைத்தால் நாலு பேர் வந்து கடமைக்கு உட்காருவார்கள். கரும்புத் தோட்டத்து பாரக்ஸ் காலத்துப் பேய்க்கதைகள் என்று வையுங்கள், அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டியைத் தமிழில் சொல்லவிட்டு, பக்கத்தில் பேத்தி ஆங்கிலத்தில் சொல்லட்டும். வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதை எந்த ஃபேண்டஸிக்கும் குறைந்தது இல்லை. 1860ல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் போகும் இடம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் வந்தார்கள், "வேற்றுக் கிரகத்துக் குடியேற்றம்" என்று ஒரு விவாதத்தை அதிலிருந்து தொடங்கினால் பெரியவர்களும் இளசுகளும் ஒரே அறையில் பேசுவார்கள்.

விருது கொடுப்பதாக இருந்தால் விதியை முன்பே வெளியிடுங்கள், எண்ணிக்கையைப் பின்னால் வெளியிடுங்கள். 2023ல் சீனாவின் செங்டுவில் நடந்த வேர்ல்ட்கானில், அந்த மாநாடு கொடுக்கும் ஹ்யூகோ விருதுப் பட்டியலிலிருந்து சில படைப்புகளும் ஆட்களும் காரணம் சொல்லாமல் தகுதியற்றவை என்று தள்ளப்பட்டது 2024 ஜனவரியில் வெளிவந்தபோது, 1953லிருந்து சேர்ந்த பெயர் எப்படி ஆட்டம் கண்டது என்று பார்த்தோம். முதல் வருஷம் விருதே வேண்டாம் என்பது என் கட்சி.

8. காஸ்ப்ளே

கூட்டத்தை இழுப்பது இதுதான், தலைவலியும் இதுதான். நிஜமான கத்தி, இரும்பு முனை எதுவும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு ஆயுதத்தையும் கையில் வாங்கிப் பார்த்து, சரி என்றால் ஆரஞ்சு நிற கேபிள் டை கட்டிக் கொடுங்கள். துப்பாக்கி போலத் தெரியும் எதையும் வண்டி நிறுத்துமிடத்தில் வெளியே எடுக்கக் கூடாது, பையில் வைத்து உள்ளே கொண்டுவந்த பிறகுதான். இது விளையாட்டு இல்லை. இந்த ஊரில் ரோட்டில் ஒருவர் துப்பாக்கியோடு நடப்பதைப் பார்த்தால் அது பிளாஸ்டிக்கா என்று யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் தெருவைச் சுற்றும் ஆயுதக் காவல் நிறுவனத்துக்கும் முந்தைய வாரமே தகவல் சொல்லிவிடுங்கள்.

உடை மாற்ற அறை, முழு உயரக் கண்ணாடி, தையல் ஊசி, சேஃப்டி பின், ஹாட் க்ளூ. ஒரு மேசையில் இவை இருந்தால் உங்கள் பேர் வருஷம் முழுக்க நிற்கும். வேஷப் போட்டி வைத்தால், ஈரமாக, ஒட்டிக்கொள்வதாக எதுவும் கூடாது என்று எழுதுங்கள். 1972 வேர்ல்ட்கானில் ஒருவர் உடம்பு முழுக்க வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடை ஏறியதிலிருந்து பல கன்வென்ஷன்களில் இதற்கென்றே விதி இருக்கிறது. நம் ஆட்களுக்கு மஞ்சளும் விபூதியும் சேர்த்து எழுத வேண்டும்.

9. நடத்தை விதி

இதுதான் நம் சமூகத்துக்குக் கஷ்டமான இடம், மேலோட்டமாகத் தாண்டாதீர்கள். விதி ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: அனுமதி இல்லாமல் தொடாதே, படம் எடுக்காதே, பின்தொடராதே, இனம், சாதி, மதம், உடல், பாலினம் வைத்து இழிவாகப் பேசாதே. மீறினால் எச்சரிக்கை அல்லது வெளியேற்றம், பணம் திரும்பாது. எழுதுவது எளிது, நடைமுறையில்தான் சிக்கல். தொந்தரவு கொடுத்தவர் ஒரு மதிப்புக்குரிய அங்கிள், புகார் சொல்வது 19 வயதுப் பெண், புகாரை வாங்குபவர் அந்த அங்கிளின் மருமகன் என்றால் என்ன நடக்கும்? "விடும்மா, அவர் அப்படித்தான்" என்று முடியும்.

அதனால் புகார் வாங்க மூன்று பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள், மூவரும் வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு வட்டம். யார் மேல் புகாரோ அவருக்குச் சொந்தக்காரர் அந்த விஷயத்திலிருந்து விலக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மூவரின் முகமும் பெயரும் கழிப்பறைக் கதவு உட்பட எல்லா இடத்திலும் ஒட்டியிருக்க வேண்டும். பேசுவதற்குக் கதவு சாத்திய ஓர் அறை. வந்ததை எழுதி வையுங்கள், முடிவை அன்றைக்கே சொல்லுங்கள். குற்றமாகத் தெரிந்தால் போலீஸ் எண் 10111, அதில் சமாதானம் பேசி வைக்கிற வேலை உங்களுடையது இல்லை.

10. தன்னார்வலர்கள்

300 பேருக்குக் கிட்டத்தட்ட 30 பேர். 30 வேண்டும் என்றால் 40 பேரின் ஒப்புதல் வாங்குங்கள், யாருக்காவது பரீட்சை வரும், யாராவது வீட்டில் துக்கம் வரும். ஒருவருக்கு ஒரு ஷிஃப்ட், நான்கு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அவர்களும் ரசிகர்கள்தான், தங்களுக்குப் பிடித்த ஓர் அமர்வையாவது பார்க்கட்டும். எதைப் பார்க்க ஆசை என்று முன்பே கேட்டு அதைச் சுற்றி ஷிஃப்ட் போடுவதுதான் அடுத்த வருஷமும் அவர்களைத் திரும்ப வரவைக்கிற ஒரே வழி என்று நான் நினைக்கிறேன்.

சூடான சாப்பாடு, உட்கார ஒரு தனி அறை, செருப்பைக் கழற்றிக் காலை நீட்ட இடம், தொலைபேசி சார்ஜர். கோயிலில் பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம், இங்கே அதை அப்படியே கொண்டுவராதீர்கள். பசியோடு வாசலில் நிற்கும் பையன் வருகிறவர்களிடம் எரிந்து விழுவான், அதுதான் அவர்கள் பார்க்கும் உங்கள் கன்வென்ஷன். வேலை ஒதுக்காத நான்கு பேரை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள், மைக் பேட்டரி வாங்க ஓடுவது, தொலைந்த குழந்தையோடு உட்காருவது எல்லாம் அவர்கள் வேலை.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு அன்றைக்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. மேடையில் மாலை போட்டுக்கொள்வதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

11. அன்றைய நாள்

பதிவு மேசையில் குடும்பப் பெயர் வைத்து எழுத்து வாரியாக வரிசை பிரிப்பார்கள், வெளிநாட்டு வழிகாட்டி எல்லாம் அப்படித்தான் சொல்லும். டர்பனில் அதைச் செய்து பாருங்கள். கவுண்டர், மூட்லி, நாயுடு, நாயக்கர், பிள்ளை, படையாச்சி. ஆங்கில எழுத்துப்படி ஜி, எம், என், பி ஆகிய நான்கு எழுத்துக்குப் பின்னால் கூட்டம் வாசல் வரை நிற்கும், மற்ற மேசைக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். முதல் பெயரை வைத்துப் பிரியுங்கள், அல்லது டிக்கெட் எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து. பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள், இணையம் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. கார்டு மெஷின் இரண்டு, வெவ்வேறு நெட்வொர்க்கில். பணமாக வருவதை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, பூட்டிய பெட்டிக்கு மாற்றுங்கள்.

கழுத்துப் பட்டையில் நிறம் வைத்தால் பேச்சே வேண்டாம்: பச்சை என்றால் படம் எடுக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு எடு, சிவப்பு என்றால் எடுக்காதே.

தனியாக வந்து சுவரோரம் நிற்கும் ஆள்தான் அன்றைக்கு முக்கியமான விருந்தினர். குடும்பமாக வருபவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு தன்னார்வலர்களுக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்: போய்ப் பேசு, என்ன படிக்கிறாய் என்று கேள், போர்டு கேம் மேசையில் கொண்டுபோய் உட்கார வை.

சாப்பாடு பற்றி. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, ஹலால் கடை ஒன்று, மாட்டிறைச்சி வேண்டாம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சோ கண்டிப்பாக இருக்கும், அது இல்லாமல் டர்பனில் எதுவும் நடக்காது. ஆனால் பாதி ரொட்டிக்குள் மட்டன் குழம்பு ஊற்றி, வெள்ளை உடை போட்ட ஒரு எல்ஃப் வேஷக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாப்பாட்டு மேசை கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், புத்தகக் கடைகளிலிருந்து ஹாலின் மறுகோடியில். சமூசாவும் ரொட்டி ரோலும் ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம், வரிசையும் வேகமாக நகரும்.

முதலுதவி ஆள் காலை முதல் கடைசி வரை இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. எல்லா தன்னார்வலர் பேட்ஜின் பின்பக்கமும் இந்த எண்களும் ஹாலின் தெரு முகவரியும் அச்சாகியிருக்கட்டும், பதற்றத்தில் முகவரி யாருக்கும் வாயில் வராது.

12. முடிந்த பிறகு

அன்றைக்கு ராத்திரியே பணத்தை எண்ணி, இரண்டு பேர் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில். ஹாலை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள், முன்பணம் திரும்பக் கேட்கும்போது அந்தப் படம்தான் பேசும். சுத்தம் செய்யத் தனி ஆட்கள், காலையிலிருந்து நின்றவர்கள் கையில் விளக்குமாற்றைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்குள் ஒரு கூட்டம், சாப்பாட்டோடு. எது சரியாகப் போனது, எது போகவில்லை, அடுத்த முறை யார் இருக்க விரும்பவில்லை என்று கேளுங்கள். விலகுகிறேன் என்பவரிடம் காரணம் கேட்டுத் துருவாமல் நன்றி சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், நஷ்டமாக இருந்தாலும். லாபம் வந்திருந்தால் அடுத்த வருஷ ஹால் முன்பணம், அதற்கும் மேல் மிஞ்சினால் வேறு ஊரில் இதே போல முயற்சி செய்யும் ரசிகர்களுக்குக் கொஞ்சம். வேர்ல்ட்கான்களில் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை அடுத்து நடத்துபவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு.

தலைமை இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே அடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். கடவுச்சொற்கள், ஹால்காரர் எண், கடைக்காரர் பட்டியல், ஒப்பந்தங்கள், கேபிள் டை மிச்சம் எத்தனை என்பது வரை ஒரே கோப்புறையில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் எதுவும் இருக்கக் கூடாது. மறந்துவிட்டுப் போன பொருட்களை ஒரு மாதம் வைத்திருந்து, படம் போட்டு அறிவித்து, யாரும் வராதவற்றைத் தானமாகக் கொடுத்துவிடலாம். அடுத்த ஜூனுக்கான ஹாலை மட்டும் அந்த ஒரு மாதத்துக்குள் பிடித்துவிடுங்கள், அந்தத் தேதியை நம்மைப் போலவே கல்யாண வீட்டுக்காரர்களும் தேடிக்கொண்டிருப்பார்கள்.